நான்கு மைக்ரான்

எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. "புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று செயலாளர் போனில் கேட்டார். இரண்டு வாரம் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊக்கமாக எதுவும் வரவில்லை. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒரே ஒரு நோயாளியைத்தான். அதை எழுதித் தருகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். அந்தக் குடும்பத்தின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் படித்தால் தெரியும்.

நான் சேலத்தில் லேப் டிப்ளமோ படித்தேன். இரண்டு வருடத்தில் பெரும்பகுதி ரத்தமும் சிறுநீரும்தான். கடைசி நான்கு மாதம் பயாப்ஸி பிரிவில் போட்டார்கள். அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

பயாப்ஸி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலினில் எங்களிடம் வரும். அதிலிருந்து நீரை எடுத்து, உருக்கிய மெழுகை ஏற்றி, சிறு கட்டியாக உறைய வைப்போம். அதற்குப் பிளாக் என்று பெயர். அந்தப் பிளாக்கை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் பொருத்திக் கைச்சக்கரத்தைச் சுற்றினால், ஒன்றோடொன்று ஒட்டிய சீவல்கள் நாடா மாதிரி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்ற வேண்டும். சாதாரணச் சீவலின் கனம் நான்கு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் நான்கு பங்கு. இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சுமித்ரா. மைசூர்ப் பக்கம் சொந்த ஊர். தினமும் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருவார். வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு முதல் ட்ரேயில் இருக்கும் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன்பே, சாயம் சரியில்லை, மடிப்பு விழுந்திருக்கிறது, கத்தி கீறியிருக்கிறது என்று வெறும் கண்ணிலேயே கண்டுபிடித்துவிடுவார். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. ஸ்லைடை என் மேசையில் தனியாக வைத்துவிட்டு, "இன்னொந்து சல மாடி, சிவராஜ்" என்பார். இன்னொரு தடவை செய்யுங்கள் என்று அர்த்தம். சரியாக வரும்வரை நான்கு தடவையானாலும் அதே குரலில் அதே வார்த்தைதான்.

அமிலாய்டை எனக்குக் காட்டியவர் அவர்தான். "நம்ம உடம்பே செய்யற புரோட்டீன்தான். சரியா மடியாம தப்பா மடிஞ்சுடுது. தப்பா மடிஞ்சது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நரம்புல, இதயத்துல, கிட்னில போய்ப் படியும். அதைக் கழுவி வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது" என்றார். அதைக் கண்டுபிடிக்க காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் இருக்கிறது. சாயம் ஏற்றிய ஸ்லைடை, மேலும் கீழும் இரண்டு வடிகட்டிக் கண்ணாடி வைத்த நுண்ணோக்கியில் வைத்து, கண்ணாடியைத் திருப்ப வேண்டும். மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். அமிலாய்டு இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பாடப்புத்தகத்தில் ஆப்பிள் பச்சை என்று போட்டிருக்கும். அதுவரை பச்சை ஆப்பிளை நான் கண்ணால் பார்த்ததில்லை. மழை நின்று வெயில் அடித்ததும் நெல் நாற்றில் தெரியும் பச்சை என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

காங்கோ ரெட்டுக்கு மூன்று விதிகள் வைத்திருந்தார். சீவல் எட்டு அல்லது பத்து மைக்ரான் கனமாக இருக்க வேண்டும், மெல்லியதில் பச்சை தெரியாமல் போய்விடும். சாயக் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். அமிலாய்டு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு திசுவின் சீவலையும் கூடவே சாயத்தில் போட வேண்டும். அதன் பெயர் கண்ட்ரோல். கண்ட்ரோல் பச்சையாக வந்தால்தான் மற்ற ஸ்லைடில் ஒன்றுமில்லை என்று சொல்ல நமக்கு உரிமை.

எங்கள் பக்கத்தில் கை மரத்துப்போகிறவர்கள் அதிகம். நாள் முழுக்கத் தொழிற்சாலை லைனில் நின்று ஸ்குரூ முடுக்குகிறவர்கள், அச்சு அழுத்துகிறவர்கள். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி இறுகி, விரல்கள் உணர்வில்லாமல் போகும். 'கம்பெனிக் கை' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். சின்ன அறுவை சிகிச்சை செய்து அந்த இறுக்கத்தை அறுத்துவிடுவார்கள். அறுத்தெடுத்த திசு குப்பைக்குப் போகும்.

டாக்டர் சுமித்ரா அந்தக் குப்பையைக் கேட்டார். எல்லாக் கையும் வேலையால் மரத்துப்போனதில்லை, சிலருக்கு அங்கே அமிலாய்டு படிந்திருக்கும், இதயத்துக்கும் காலுக்கும் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே கையில் காட்டிவிடும், இப்போதே பிடித்தால் ஏதாவது செய்யலாம் என்பது அவர் எண்ணம். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து இதற்கு அனுமதி வாங்கினார். நோயாளியின் சம்மதக் கையெழுத்தோடு திசு எங்களிடம் வரும். நான் வெட்டிச் சாயம் போடுவேன். பச்சை தெரிந்தால், எந்தப் புரோட்டீன் என்று பார்க்கப் பிளாக்கையும் ரத்தத்தையும் அங்கே அனுப்புவோம்.

மாதையன் அப்படித்தான் வந்தான். முப்பத்து மூன்று வயது. அஞ்செட்டி மலைப்பக்கத்துக் கூலிக் குடும்பம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இரண்டு கையிலும் மூன்று விரல்கள் மரத்திருந்தன. சம்மதப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் வழக்கமான கேள்வியாக, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க மேடம். மொதல்ல கை மரத்துச்சு. அப்புறம் காலு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. வயித்தால போயிக்கினே இருந்துச்சு. எலும்பும் தோலுமா ஆயித்தான் செத்தாரு. எங்கண்ணனும் அப்படியேதான். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க. காவேரிப்பட்டினத்துல பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க. நான்தான் சரின்னு சொல்லாம இருக்கேன். எங்கண்ணி படற பாட்டைப் பாத்துக்கினுதானே இருக்கேன். எனக்கும் அதுதான்னா, எதுக்கு ஒரு பொண்ணைக் கூட்டியாந்து..."

அவன் போனபிறகு டாக்டர் என்னிடம் வந்தார். "சிவராஜ், இந்தக் கேஸை ரொம்பக் கவனமா பண்ணுங்க" என்றார். அன்று சாயங்காலமே அவருடைய தாயாருக்கு முடியவில்லை என்று மைசூரிலிருந்து போன் வந்தது. பத்து நாள் லீவில் போய்விட்டார். கையெழுத்துப் போட வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து போனார்.

மாதையனின் திசு மூன்றாம் நாள் வந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக நான்கு துணுக்குகள். பிளாக் செய்து, சாதாரணச் சாயத்துக்காக நான்கு மைக்ரானில் நாடா எடுத்தேன். காங்கோ ரெட்டுக்காக இயந்திரத்தின் திருகைப் பத்துக்குத் திருப்பி வேறு சீவல் எடுக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் திருப்பவில்லை. அதே நாடாவிலிருந்து ஒரு சீவலை எடுத்துக் காங்கோ ரெட்டில் போட்டேன். கரைசல் முந்தின வாரம் கலக்கியது. கண்ட்ரோல் பிளாக் தீர்ந்துபோயிருந்தது. பெங்களூரில் கேட்டிருந்தோம், வரவில்லை. வரும்வரை காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

ஏன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு அவசரம் எதுவும் இல்லை. வீட்டில் பிரச்சினை இல்லை, உடம்பு சரியாகத்தான் இருந்தது. ஜன்னலில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வந்திருந்த டாக்டர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். இருட்டு. அமிலாய்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எங்கள் விதிகள் தெரியாது.

ரிப்போர்ட் வாங்க மாதையன் லேப் ஜன்னலுக்கு வந்தான். கையில் கட்டு இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை என்னிடம் நீட்டி, "என்னா போட்டிருக்குது சார்?" என்றான்.

"அந்த நோய் இல்லைன்னு போட்டிருக்கு."

"இல்லைன்னா... இல்லைதானே சார்?"

"இல்லைன்னா இல்லைதான். நிம்மதியாப் போங்க."

அவன் அங்கேயே நின்றான். கட்டுப்போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் திரும்பி வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"மாதையன் என்னாச்சு?"

"நெகட்டிவ் மேடம்."

"கண்ட்ரோல் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். நல்லா வந்துச்சு."

முதல் தவறுக்கு அசட்டை என்று பெயர் சொல்லலாம். இது அப்படியல்ல, நான் சொன்ன பொய். அந்த நொடியில், இல்லை மேடம், இன்னொரு தடவை போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பிளாக் கைக்கு எட்டும் அலமாரியில்தான் இருந்தது. அவரும் அந்த ஸ்லைடை வாங்கிப் பார்த்தார். பச்சை இல்லை. பிளாக் பாசிட்டிவ் ஆனால்தான் ரத்தம் அனுப்புவது என்பது ஏற்பாடு, அதனால் அனுப்பவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும் என்று ஃபைலில் எழுதி வைத்தார். இல்லைன்னா இல்லைதான் என்று நான் சொல்லி அனுப்பியவன் எதற்காக வரப்போகிறான்?

ஆனால் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மாதம் கழித்து அவனே நேரில் கொண்டுவந்து கொடுத்தான். காவேரிப்பட்டினத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் கல்யாணம். நான் போயிருந்தேன். மேடையில் என் கையைப் பிடித்து மணப்பெண்ணிடம், "செல்வி, நான் சொன்னேன் இல்ல, லேப் சாரு. இவருதான் எனக்கு ரிசல்ட் சொன்னவரு" என்றான். அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டது. கீழே பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டேன். அன்று எனக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். செய்ததையே மறந்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவனை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எடை பாதியாகியிருந்தது. எழுந்து நின்றால் மயங்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே உணர்வே இல்லை. எக்கோவில் இதயத்தின் சுவர் தடித்திருந்தது. செல்வியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. யாழினி என்று பெயர், அப்போது ஒன்றரை வயது.

டாக்டர் சுமித்ரா பழைய பிளாக்கை எடுக்கச் சொன்னார். "பத்து மைக்ரான். புதுக் கரைசல். கண்ட்ரோல்" என்று மட்டும் சொன்னார். நான் வெட்டும்போது பக்கத்திலேயே நின்றார். அதுவரை அப்படி நின்றதில்லை. சாயம் ஏற்றியதும் அவரே ஸ்லைடை வாங்கி வைத்துக் கண்ணாடியைத் திருப்பினார். நீண்டநேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

திசு முழுக்கப் பச்சை. தேட வேண்டிய அவசியமே இல்லை. நான்கு துணுக்கிலும் பட்டை பட்டையாக.

அடுத்து அவர் மூன்று வருடத்துக்கு முந்தைய ஸ்லைடை வைத்தார். ஃபோகஸை மெதுவாக ஏற்றி இறக்கினார். சீவலின் கனத்தை அப்படிக் கண்டுபிடிக்கலாம்.

"இது நாலு மைக்ரான்" என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"கண்ட்ரோல்?"

"போடலை மேடம். பிளாக் தீந்துபோச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் அன்னைக்கு இந்த ஸ்லைடைப் பார்த்தேன் அல்லவா. ஃபோகஸை ஏத்தி இறக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க போட்டேன்னு சொன்னதால பார்க்கலை" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை. திருத்திய ரிப்போர்ட்டைத் தன் கையெழுத்தில் கொடுத்தார். தவறு தன் பிரிவில் நடந்தது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு காங்கோ ரெட் ட்ரேயிலும், "முதல்ல கண்ட்ரோலைக் காட்டுங்க" என்று கேட்டார். அதற்கு முன் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அப்படிக் கேட்டதில்லை. அவர் வேலையிலிருந்து விலகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து முடிவு வந்தது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரோட்டீன், கல்லீரலில் உண்டாவது. பரம்பரையாக வரும் வகை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. டாக்டர் அதைச் செல்வியிடம் சொன்னபோது நான் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து குழந்தையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்று வருடம் முன்னால் தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஒரு பழைய மாத்திரை இந்த நோயின் வேகத்தைக் குறைக்கும், இப்போது இதயமும் கிட்னியும் இருக்கிற நிலையில் அதைக் கொடுக்க முடியாது என்றார். புது மருந்துகள் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. பிறகு அவரே, "மருந்தை விடுங்க, சிவராஜ். அவர் கல்யாணம் பண்ணியிருக்க மாட்டார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, செல்வி சாப்பாடு வாங்கப் போயிருந்த மதிய நேரத்தில், வார்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கனம், கரைசல், கண்ட்ரோல் எல்லாம் அவனுக்குப் புரியும்படி. பொய் சொன்னதையும் சொன்னேன். மாதையன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப, அன்னைக்கே எனக்கு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"நான் வந்து கேட்டப்ப உங்களுக்குத் தெரியாது, இல்ல?"

"தெரியாது. ஆனா சரியாப் பண்ணலைன்னு தெரியும்."

அவன் கத்துவான், அடிக்கக் கையை ஓங்குவான் என்றுதான் போயிருந்தேன். அதற்கு அவனிடம் தெம்பு இல்லை. "செல்விகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"நான் சொல்லத்தான் வந்தேன்."

"வேணாம் சார். பாப்பா பெரிசானா டெஸ்ட் எடுக்கணும்னு மேடம் சொல்லிக்கினு இருக்காங்க. ஆஸ்பத்திரில தப்பா சொல்லுவாங்கன்னு செல்விக்குத் தெரிஞ்சா, கூட்டியாரவே மாட்டா. யாரை நம்பி வருவா, சொல்லுங்க. எம்பொண்ணும் தெரியாமயே போயிடும்."

நான் அழுதேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எம்முன்னால அழுவாதீங்க சார். போங்க" என்றான். அது மன்னிப்பு இல்லை. அப்படி நான் என்றைக்கும் எடுத்துக்கொண்டதில்லை.

ஒன்றேகால் வருடம் உயிரோடிருந்தான். கெலவரப்பள்ளிப் பக்கம் வாடகை வீட்டில்தான் இறந்தான். இரண்டு தடவை பார்க்கப் போனேன், இரண்டு தடவையும் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு ஒருமுறை பெங்களூரில் டாக்டர்கள் கூட்டத்தில் மாதையனின் ஸ்லைடைத் திரையில் காட்டினார்கள். இரண்டாவது தடவை வெட்டியதை. இவ்வளவு சுத்தமான பச்சையைப் பார்த்ததில்லை, யார் செய்தது என்று யாரோ கேட்டாராம். டாக்டர் சுமித்ரா என் பெயரைச் சொன்னதாகக் கூடப் போயிருந்தவர்கள் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

இப்போது காங்கோ ரெட்டையும் இயந்திரமே போடுகிறது. கண்ட்ரோல் வைக்காவிட்டால் ஓடாது என்கிறார்கள். நல்லதுதான். அந்த இயந்திரம் வந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். வாழ்த்திப் பேசியவர்கள் எல்லோரும் என் கைநேர்த்தியைப் பற்றியே பேசினார்கள். ஏற்புரைக்கு எழுந்தவன் நன்றி என்ற ஒரு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் ஓசூர் பேருந்து நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். யாழினி கூட இருந்தாள். ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் நெற்றி, அப்பாவின் கண்.

"சார், இவளுக்குப் பதினெட்டு ஆனதும் டெஸ்ட் எடுக்கலாம்னு மேடம் எழுதிக் குடுத்திருக்காங்க. மேடம்தான் இப்ப இல்லையே, ஊருக்கே போயிட்டாங்களாம். யாரு கிட்ட போறதுன்னு பயமா இருக்குது."

"எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் எடுப்பாங்கம்மா."

"அது இல்ல சார். அவரு சாவறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாரு. யாரு என்னா சொன்னாலும் நம்பிடாத, லேப் சாரைக் கேளு. உண்மைன்னா அது எப்படியிருந்தாலும் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்ற ஆளு அவரு ஒருத்தருதான்னு. நீங்களே கூட இருந்து பாத்து சொல்லுங்க சார். நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன்."

எனக்கு வயது அறுபத்தொன்று. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டாக இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. நின்றுகொண்டிருந்த இடத்திலேயே செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. கட்டிலில் கிடந்தவன் கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. "சரிம்மா" என்றேன்.

செல்வி என் போன் நம்பரைக் கேட்டாள். காகிதம் தொலைந்துபோகும் என்று சொல்லி, யாழினியை மனப்பாடம் செய்யச் சொன்னாள். நான் இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல, பத்து எண்ணையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள்.